மீன்தொட்டிக்கு ஃபில்டர் அமைப்பது எப்படி: கோலாலம்பூர் பைப்புத் தண்ணீருக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்த கையோடு, செந்தூல் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இருந்த மீன்தொட்டியையும் சுத்தம் செய்தேன். ஃபில்டரைக் கழற்றினேன். பழைய பஞ்சைத் தூக்கி எறிந்தேன். பீங்கான் வளையங்களைப் பைப்படியில் கொட்டி வெள்ளை வெளேரென்று ஆகும்வரை கழுவினேன். தண்ணீரையும் முழுதாக மாற்றினேன். தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாரும் தொட்டியைப் பார்த்து அசந்து போனார்கள். நான்காம் நாள் காலையில் கப்பி மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. அந்த வாரம் முடிவதற்குள் பதினொன்றில் எட்டு போய்விட்டன. என் மகன் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தான்.

தண்ணீர் அப்போதும் கண்ணாடி போலத்தான் இருந்தது. அதுதான் என்னைப் பல நாள் குழப்பியது. ஃபில்டர் என்றால் அழுக்கைப் பிடித்து வைக்கும் சல்லடை என்று நினைத்திருந்தேன். சல்லடை வேலை அதில் ஒரு சின்னப் பங்குதான். ஃபில்டர் முதலில் கிருமிகளுக்கு நாம் கட்டிக் கொடுக்கும் வீடு. அந்த வீட்டைத்தான் நான் தீபாவளிக்குக் கழுவிச் சாக்கடையில் ஊற்றியிருந்தேன்.

உள்ளே நடக்கும் வேலை

மீன் தன் உடலின் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் எச்சமும் அழுகும்போது இன்னும் அம்மோனியா சேரும். அதற்கு நிறமில்லை; மீனைக் கொல்லும் அளவில் நம் மூக்குக்கு வாசனையும் எட்டாது. செவுளைப் புண்ணாக்கி மீனைக் கொல்லும்.

ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியதில்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். நன்னீர்த் தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற இனம் என்று 1998-ல் வந்த ஆய்வு காட்டியது. பெயர் எதுவானாலும் நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இவை தண்ணீரில் மிதந்து வாழ்வதைவிட ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டி வாழ்பவை, மெதுவாகப் பெருகுபவை, ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்யாதவை. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றிலிருந்து வருவதுதான்.

எந்த ஃபில்டர்

இரண்டடி தொட்டியை வைத்துக்கொண்டே பேசுகிறேன். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம் என்றால் கணக்குப்படி 65 லிட்டர் வரும். அடியில் கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக, உண்மையில் நிற்பது 55 லிட்டர் போல.

ஸ்பான்ஜ் ஃபில்டர் விலை குறைவு, ஏர் பம்ப் ஒன்று இருந்தால் போதும். காற்றுக் குமிழி குழாயில் மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அந்தத் தண்ணீர் ஸ்பான்ஜுக்குள் புகுந்து வர வேண்டியிருக்கும். பெட்டா, இறால், குஞ்சு மீன் வைப்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. தொட்டியின் விளிம்பில் தொங்கும் ஹேங்-ஆன் வகை பார்க்க அழகு, ஆனால் உள்ளே இடம் குறைவு. தொட்டிக்கு மேலே தட்டு போல உட்காரும் டாப் ஃபில்டரை நம் ஊர் மீன் கடைகளில் எங்கும் பார்க்கலாம். கெனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா), சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் தனி ஃபில்டர் தொட்டி) எல்லாம் மூன்றடி, நான்கடி தொட்டிக்குப் போகும்போது யோசிக்கலாம்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வது டாப் ஃபில்டர்தான். அதோடு மூலையில் ஒரு சின்ன ஸ்பான்ஜ் ஃபில்டரும். இரண்டு எதற்கு என்று கேட்பீர்கள். ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றொன்றில் பாக்டீரியா அப்படியே இருக்கும். ஒன்றின் பம்ப் பழுதானால் மற்றொன்று ஓடும். என் வீட்டில் இரண்டும் ஓட ஆரம்பித்த பிறகு ஒட்டுமொத்தமாக மீன் இழந்ததே இல்லை.

டாப் ஃபில்டரை நான் முன்னால் வைப்பதற்கு நம் ஊர் வெப்பமும் ஒரு காரணம். கோலாலம்பூர் வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் சாதாரணமாகவே 28, 30 டிகிரியில் நிற்கும். ஹீட்டர் வாங்க வேண்டிய செலவு நமக்கு இல்லை. ஆனால் தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான். அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். டாப் ஃபில்டரில் தண்ணீர் காற்றில் பட்டு, சொட்டி, அருவி போல் விழுவதால் இந்தக் குறை தீர்கிறது.

பம்பின் சக்தி மணிக்குத் தொட்டி அளவைப்போல் நான்கைந்து மடங்கு இருக்க வேண்டும். 55 லிட்டருக்கு 275 லிட்டர் வருகிறது. பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் தண்ணீரை மேலே ஏற்றாமல், பஞ்சு எதுவும் இல்லாமல் அளந்தது. அதனால் 450 அல்லது 500 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பெட்டா வளர்ப்பவர்கள் இவ்வளவு வேகம் வைக்க வேண்டாம். அந்த மீன் நீந்தியே களைத்துவிடும். ஸ்பான்ஜ் ஒன்றே போதும்.

தட்டுக்குள் எதை எங்கே வைப்பது

தண்ணீர் முதலில் படும் இடத்தில் முரட்டுப் பஞ்சு. அதற்கு அடுத்து வெள்ளைப் பஞ்சு. கடைசியில் பீங்கான் வளையம் அல்லது எரிமலைக் கல். இந்த வரிசையை மாற்றக் கூடாது. வளையத்தின் சின்னச் சின்னத் துளைகளில்தான் பாக்டீரியா குடியிருக்கும், அங்கே சேறு போய் அடைத்தால் ஆக்சிஜன் போகாது. குப்பையை முன்னாலேயே பஞ்சு பிடித்துவிட வேண்டும்.

வளையங்களை வாங்கியதும் ஒரு முறை அலசுங்கள், அதன் மாவு போகட்டும். தட்டில் பாதிக்குமேல் இடம் வளையத்துக்கே கொடுங்கள். கடையில் பயோ பால் என்று முள்ளுருண்டை போல ஒன்று தருவார்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் பெரிய சம்ப்புக்கு அது நல்லது, சின்னத் தட்டில் இடத்தை அடைக்கும்.

ஃபில்டருக்கென்று கடையில் விற்கும் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) கட்டாயம் இல்லை. மருந்து போட்ட பிறகு மிச்ச மருந்தை எடுக்கவும், தண்ணீர் மஞ்சளாக இருந்தால் தெளிய வைக்கவும் உதவும். மூன்று நான்கு வாரத்தில் அதன் சக்தி தீர்ந்துவிடும். ஒரு பாக்கெட் வாங்கி மூடி வைத்திருங்கள். எதற்கு என்று கடைசியில் வரும்.

நம் ஊருக்கென்று ஒரு பொருள் சேர்க்க வேண்டும்: பவளச் சில்லு. கடையில் கோரல் சிப்ஸ் என்று கேட்டால் தருவார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக்கு வருவது சுங்கை சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர். பினாங்குக்கு வருவது பெரும்பாலும் சுங்கை மூடா தண்ணீர். இரண்டுமே மழைநீர் ஓடிவரும் மென்னீர், உப்புச் சத்தும் காரத்தன்மையும் (அமிலத்தைத் தாங்கும் சக்தி) குறைவு. பாக்டீரியா 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. மென்னீரில் இருப்பே கொஞ்சம். அது தீர்ந்ததும் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு; இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) மளமளவென்று இறங்கும். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். இரண்டு மாதம் நன்றாக ஓடிய தொட்டி காரணமே தெரியாமல் கெடுவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். ஒரு கைப்பிடி பவளச் சில்லை வலைப்பையில் கட்டி ஃபில்டரின் கடைசியில் வைத்தால், தண்ணீர் புளிக்கப் புளிக்க அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பிஎச்சைத் தாங்கும். கப்பி, மோலி, பிளாட்டிக்கு இது மிகவும் பிடிக்கும். டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் மட்டும் அளவைக் குறைத்து, அளந்து பார்த்துப் போடுங்கள்.

பொருத்துவது

தொட்டி, கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 75 கிலோவுக்கு மேல் வரும். டிவி மேசைமேல் வைக்காதீர்கள். வெயில் நேராக விழும் ஜன்னல் பக்கமும் வேண்டாம். பூஜை அறைக்குப் பக்கத்திலும் வேண்டாம்: ஏர் பம்ப் அறைக் காற்றை அப்படியே இழுத்துத் தண்ணீருக்குள் விடும் கருவி. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும், ராத்திரி கொசுவர்த்திப் புகையும் அதன் வழியாக நேரே மீனிடம் போய்ச் சேரும்.

கல்லைக் கழுவிப் பரப்பி, தண்ணீர் முக்கால் அளவு ஊற்றிய பிறகு ஃபில்டரை வையுங்கள். பம்பு முழுதாக மூழ்கியிருக்க வேண்டும், ஆனால் கல்லைத் தொடக் கூடாது. மணலை உறிஞ்சினால் உள்ளே சுழலும் சின்னக் காற்றாடி தேய்ந்துவிடும். ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் குழாயின் நடுவே ஒருவழி வால்வு ஒன்றை மாட்டுங்கள். மின்சாரம் போனால் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்து பம்ப்பில் இறங்கி, தரையெல்லாம் கொட்டும்.

மின்கம்பி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கம்பி பிளக்குக்குப் போகும் முன் பிளக்கைவிடக் கீழே ஒரு முறை தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். அப்போதுதான் கம்பி வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டு மின்பெட்டியில் இருக்கும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை ஒரு முறை அழுத்தி, மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்று பாருங்கள். தொட்டிக்குள் கை விடும் ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் விட வேண்டும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

தண்ணீரும் குளோரினும்

குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்ல குளோரின் போடுகிறார்கள். நாம் வளர்க்கப் போவதும் கிருமிதான். அதனால் ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) போடாத தண்ணீர் ஒரு சொட்டுகூட ஃபில்டரைத் தொடக் கூடாது. குளோரின், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) இரண்டையும் நீக்கும் என்று போத்தலில் எழுதியிருப்பதை வாங்குங்கள். முழுத் தொட்டிக்கும் உள்ள அளவைக் கணக்கிட்டுப் போடுங்கள்.

வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் தானாகப் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வது குளோரினைப் பொறுத்தவரை சரிதான். குளோரமின் அப்படிப் போகாது. அப்புறம், மறந்து போன வாளி ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும். இந்த நாட்டில் வீட்டில் கொசு வளர விடுவது 1975-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாளிக்கு வலை மூடி போடுங்கள்.

மீன் இல்லாத நான்கு வாரம்

இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறோம். தொட்டி தயார், தண்ணீர் தெளிவு, பிள்ளைகள் கேட்கிறார்கள், அன்று மாலையே பத்து மீன் வாங்கி வந்துவிடுகிறோம். ஃபில்டர் ஓடுகிறது, ஆனால் உள்ளே குடிவாசிகள் யாரும் வரவில்லை.

மீன் இல்லாமல் ஃபில்டரை இரவும் பகலும் ஓட விடுங்கள். மீன் இருப்பதுபோல் நினைத்து, தினமும் ஒரு சிட்டிகைத் தீனியைத் தண்ணீரில் போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியா அதைத் தேடி வளரும். சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கும் பார்க்கும் பெட்டியாக இருக்கட்டும். மீனுக்குச் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் வாரத்தில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். இந்த இடத்தில் பலருக்குப் பொறுமை போய்விடும், ஏனென்றால் நைட்ரைட் உச்சியிலேயே பத்து நாள்கூட நிற்கும். ஒன்றும் செய்யாமல் காத்திருங்கள். ஒரு நாள் அது சட்டென்று விழும், நைட்ரேட் தெரிய ஆரம்பிக்கும். தினமும் தீனி போட்டும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஐந்தாறு நாள் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் ஃபில்டர் தயார். குளிர்நாட்டில் ஆறு வாரம்கூட ஆகும். நம் சூட்டில் எனக்கு மூன்றரை வாரம் ஆனது.

சீக்கிரம் முடிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஆரோக்கியமான தொட்டி வைத்திருக்கும் உறவினரோ நண்பரோ இருந்தால், அவருடைய ஃபில்டரிலிருந்து ஒரு கைப்பிடி வளையம் கேளுங்கள். ஈரம் காயாமல், அதே தொட்டித் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்து உங்கள் தட்டில் வையுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஒன்றிரண்டு வாரத்தில் வேலை முடியும். போத்தலில் விற்கும் பாக்டீரியா சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. அதை நம்பி அன்றே மீன் விடாதீர்கள்.

இந்த வாரங்களில் தொட்டிக்கு மூடியோ வலையோ கட்டாயம். கொசுப் புழுவைத் தின்ன மீன் இல்லாத தண்ணீர் அது.

தயாரானதும் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, முதலில் நான்கு சின்ன மீன் விடுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னும் நான்கு. மீன் கூடும்போது பாக்டீரியாவும் பெருக நேரம் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் அம்மோனியா கொஞ்சம் தெரிந்தால் பிஎச்சையும் பாருங்கள்: பிஎச் ஒரு எண் ஏறினால் அம்மோனியாவில் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். 6.5-ல் தாங்கக்கூடிய அதே அளவு 8-ல் மீனைக் கொன்றுவிடும். தீனியை நிறுத்தி, கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள்.

பராமரிப்பு

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை சைஃபன் குழாயால் கல்லிடுக்கிலிருந்து உறிஞ்சி வாளியில் எடுங்கள். அந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பஞ்சை அதில்தான் அலச வேண்டும். பைப்படிக்குப் போகக் கூடாது, சோப்பு பக்கத்திலேயே வரக் கூடாது. வெள்ளைப் பஞ்சு நைந்து போனால் மாற்றலாம். ஸ்பான்ஜை வேறொரு வாரத்தில் அதேபோல் பிழியுங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள்.

வளையம் பழுப்பாக, வழவழப்பாகத்தான் இருக்கும். அதுதான் அதன் ஆரோக்கியம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை தொட்டித் தண்ணீரில் இரண்டு ஆட்டு ஆட்டி எடுத்தால் போதும். பம்பு உறுமினாலோ தண்ணீர் வேகம் குறைந்தாலோ உள்ளே இருக்கும் காந்தக் காற்றாடியைக் கழற்றி, சுற்றியிருக்கும் வழவழப்பை பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள்.

மின்தடை, நீர்த்தடை, கொசுப்புகை

மின்சாரம் ஒரு மணி நேரம் போனால் ஒன்றும் ஆகாது. நான்கைந்து மணி நேரம் ஆனால் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் போதாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்து, ஸ்பான்ஜ் ஃபில்டரின் குழாயை அதில் மாட்டிவிடுங்கள். டாப் ஃபில்டரின் வளையங்கள் ஈரத்தோடு காற்றில் இருப்பதால் ஓரளவு தாக்குப் பிடிக்கும். கெனிஸ்டர் மூடிய டப்பா. அதில் நின்ற தண்ணீர் கெட்டு நாறும். மின்சாரம் வந்ததும் அப்படியே போட்டுவிடாமல், உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, வளையங்களைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் தீனி வேண்டாம்.

நீர்த்தடை நமக்குப் புதிதில்லை. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் மாசுபட்டு, சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் தண்ணீர் மாற்ற முடியாது, ஆகவே தீனியைப் பாதியாகக் குறையுங்கள், அம்மோனியாவும் பாதியாகும். தண்ணீர் திரும்ப வந்த அன்றே மாற்றிவிட வேண்டும் என்ற ஆவலை அடக்குங்கள். முதலில் வருவது குழாய்க் கசடோடு கலங்கலாக வரும். ஒன்றிரண்டு நாள் ஓடித் தெளிந்த பிறகு, ஆன்டி குளோரின் போட்டு மாற்றுங்கள்.

டிங்கிக் காய்ச்சல் வந்த வட்டாரத்தில் புகையடிக்க வருவார்கள். இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. அந்த மருந்துகளில் பரவலாக இருக்கும் பைரெத்ராய்டு வகை, மனிதனுக்குப் பெரிய கெடுதல் செய்யாத அளவிலேயே மீனையும் இறாலையும் கொன்றுவிடும். அறிவிப்பு காதில் விழுந்ததும் ஏர் பம்ப்பை அணையுங்கள். ஜன்னல்களைச் சாத்துங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் தொட்டியையும் மேலே இருக்கும் ஃபில்டரையும் சேர்த்து மூடி, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். டாப் ஃபில்டர் விரிப்புக்கு உள்ளேயே ஓடட்டும். புகை முழுதாகப் போன பிறகு ஜன்னலைத் திறந்து, அரை மணி நேரம் காற்றாட விட்டு, அப்புறம் விரிப்பை எடுத்து ஏர் பம்ப்பைப் போடுங்கள். மூடி வைத்திருந்த கரிப் பாக்கெட்டை அன்றைக்குப் பிரியுங்கள். பஞ்சுக்கு அடுத்து வைத்து ஒரு வாரம் ஓட விட்டு, பிறகு எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.